சமரச அழைப்பு

பத்து மணிக்கு அழைப்போம் என்றிருந்தது கடிதம்.
பத்தேகால்.
இறைச்சிக்கூடத்தில் இரவு ஷிப்ட் முடித்து,
எத்தனை கழுவியும் போகாத கொழுப்பு வாடையோடு
அக்கா வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறேன்,
மடியில் பட்டியல்.

கம்பளம்: முந்நூற்றுத் தொண்ணூறு.
பூஞ்சை நீக்கியது: அறுநூற்று நாற்பது.
அடுப்புத் தட்டு ஒன்று: முப்பத்தைந்து.
குப்பை அள்ளியது: எண்பத்தைந்து.

ஆயிரத்து அறுநூற்று எண்பது டாலர் முன்பணத்தில்
மிச்சம் எவ்வளவென்று நான்கு முறை கணக்குப் போட்டேன்.
ஒருமுறையாவது தப்பாக வந்திருக்கலாம்.

"பெவர்லி பேசுகிறேன். நான் யார் பக்கமும் இல்லை."
யார் பக்கமும் இல்லாத குரலுக்கு
ஜலதோஷம் பிடித்திருந்தது.
"மிஸ்டர் கிளெனி, இணைப்பில் இருக்கிறீர்களா?"
"இருக்கிறேன்."
"அரிஹியா?"
"ம்."

மூன்று வருடம் நாலு மாதம்.
சாவி கொடுத்த அன்று அவர் சொன்னார்:
உங்கள் வீடு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.
வைத்துக்கொண்டேன்.
அதுதான் குற்றம் போலிருக்கிறது.

"ஜன்னலைத் திறந்ததே இல்லை அந்தப் பெண்.
ஈரத்துணியை உள்ளேயே காயப் போட்டாள்.
பூஞ்சை பூக்காமல் ரோஜாவா பூக்கும்?"

இன்வர்கார்கில்லில் ஜூன் மாதம்
வெளியே காயப்போட்ட சட்டையை
கதவோரம் நிறுத்தி வைக்கலாம், விழாது.
அந்த ஜன்னல் தானே திறந்துகொள்ளும்,
நான் எதற்குத் திறக்க, என்றேன்.
ஜன்னலில் ஒரு குறையும் இல்லை என்றார்.
மூன்று ஈமெயில் போட்டேன் என்றேன்.
வரவில்லை என்றார்.
அடுப்புத் தட்டு முதலிலிருந்தே இல்லை.
இருந்தது.
இல்லை.
பெவர்லி மூக்கைச் சிந்தினார்.

அப்போதுதான் தெற்குக் காற்று எழுந்தது.
ஷெட்டுத் தகரம் முனகியது முதலில்.
பிறகு, காதில் வைத்திருந்த போனுக்குள்ளிருந்து
டக். டட்டக். டக்.

எனக்குத் தெரியும் அதை.
படுக்கையறை, இடது கண்ணாடி, கீழ்க் கொக்கி.
மூன்று குளிர்காலம் என் தூக்கத்தைத் தட்டிய விரல்.
அதற்கும் பின்னால் சமையலறைக் குழாய்,
ஏழு எண்ணினால் ஒரு சொட்டு.
எண்ணினேன்.
ஏழில் விழுந்தது.

காலி செய்து ஏழு வாரமாகியும்
வாடகைக்கு என்று ஏன் விளம்பரம் வரவில்லை என்று புரிந்தது.
மார்ச்சிலிருந்து அவர் கடிதங்களின் அடியில்
மனைவி பெயர் இல்லாமல் போனதும்.
இருமினார்.
அந்த வீட்டு இருமல் அது,
நெஞ்சுக்கடியில் கிளம்பி
தொண்டையில் ஈரக் கோணி போல மாட்டிக்கொள்வது.
என் மகனுக்கு இரண்டு வயதில் வந்தது.

எங்கிருந்து பேசுகிறீர்கள், மிஸ்டர் கிளெனி?
கேட்டிருக்கலாம்.
அந்த ஒரு கேள்வியில் அறுநூற்று நாற்பதும்
என் பக்கம் சாய்ந்திருக்கும்.
நாக்கு நுனியில் வந்து நின்றது,
நல்ல கூராக.

"குப்பை என்று எண்பத்தைந்து போட்டிருக்கிறீர்களே,
அதில் ஒரு அட்டை இருந்ததா?
கார்ன்ஃபிளேக்ஸ் டப்பா, நான்காக மடித்தது?"

"...இருந்தது."

"கொக்கிக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருக வேண்டும்.
எட்டாக மடித்தால் ஜன்னல் மூடாது."

டக். டட்டக்.

"இது தகராறில் சேருமா?" என்றார் பெவர்லி.
"நான் எழுதிக்கொள்ள வேண்டுமா?"

யாரும் பேசவில்லை.
ஏழு எண்ணும் நேரம்.
சொட்டு.

"பூஞ்சையை அடித்துவிடுங்கள்," என்றார் கிளெனி.
"குப்பையையும்."

கம்பளத்தில் பாதி நான் ஒத்துக்கொண்டேன்.
அது என் மகனும் பீட்ரூட்டும் செய்தது.

அடுப்புத் தட்டை மட்டும் அவர் விடவில்லை.
இருந்தது என்பதில் அவர் உறுதி.
இல்லை என்பதில் நான்.
அந்த முப்பத்தைந்து டாலருக்காக
இன்னும் இருபது நிமிடம்
சண்டை போட்டோம்.